சேலத்தில் ஓர் அமெரிக்க வரலாற்று வகுப்பு: மதிப்புரை

அமெரிக்க வரலாற்றுத் தாளை எழுத வேண்டிய கல்லூரி மாணவர்களையும் ஆசிரியர் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களையும் மனத்தில் கொண்டு, ஐந்து ரோட்டுக்கு அருகிலுள்ள ஒரு தனிப்பயிற்சி மையம் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு நடத்தி வருகிறது. குறைகளையும் எழுதப் போவதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். சேலத்தில் வரலாறு படிப்பவர்களுக்கு இடம் எதுவென்று தெரியும். தொடக்ககால ஆங்கிலேயக் குடியேற்றங்களைப் பற்றிய பகுதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

கடைகளில் கிடைக்கும் கைடுகள் 13 குடியேற்றங்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கிவிட்டு நின்றுவிடும். இந்த ஆசிரியரோ முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிடுகிறார்: ஒரே அரசரின் குடிமக்களாய், ஒரே மொழி பேசிக்கொண்டு கப்பலேறியவர்கள், நூறு ஆண்டுகளுக்குள் ஒருவருக்கொருவர் அந்நியமான சமூகங்களாக ஆனது எப்படி? பின்னர் வரும் ஒவ்வொரு செய்தியையும் இந்தக் கேள்விக்கு விடையாகவே கொண்டுவருவதுதான் வகுப்பின் பெரிய பலம்.

வர்ஜீனியாவைப் பற்றிய பாடத்திற்கே கட்டணம் தகும். 1607இல் வர்ஜீனியா கம்பெனி லாபத்தை எதிர்பார்த்து அனுப்பிய ஆண்களும் சிறுவர்களும் ஜேம்ஸ்டவுனில் இறங்கியதையும், 1609–10 குளிர்காலப் பட்டினியையும் எல்லோரும் சொல்வார்கள். இவர் அங்கே அதிக நேரம் நிற்காமல் புகையிலைக்கு வந்துவிடுகிறார். அந்தப் பயிர் சில ஆண்டுகளிலேயே மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் என்பதால் புது நிலம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. ஓர் ஆளின் கப்பல் செலவை ஏற்பவருக்கு 50 ஏக்கர் நிலம் என்ற ஏற்பாடு, பத்து வேலையாட்களை வரவழைக்க வசதியுள்ளவரை 500 ஏக்கருக்கு உரிமையாளராக்கியது. ஆறுகள் உள்நாடு வரை ஆழமாக ஓடியதால் கடற்கப்பல்கள் பண்ணைத் துறைக்கே வந்து சரக்கேற்றின, எனவே நகரங்கள் வளர வேண்டிய அவசியமே எழவில்லை. மலேரியாவும் சீதபேதியும் மக்களை இளவயதிலேயே கொண்டுபோயின. பெண்கள் மிகக் குறைவு. பெற்றோரை இழந்த குழந்தைகள் ஏராளம். நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை உழைத்துக் கப்பல் கடனைத் தீர்க்கும் ஒப்பந்தத்தில் வந்த ஆங்கிலேய வேலையாட்களின் இடத்தை, ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகள் படிப்படியாக நிரப்பிய கதையை அவர் அவசரப்படாமல் விளக்குகிறார். 1619இல் முதல் ஆப்பிரிக்கர்கள் வந்திறங்கியதும், தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்று 1662இல் சட்டம் போட்டதும், 1676இல் ஆளுநரை எதிர்த்துப் பேக்கன் என்ற குடியேறி நடத்திய கிளர்ச்சி ஜேம்ஸ்டவுனையே எரித்ததும், 1705இல் அடிமைச் சட்டங்கள் தொகுக்கப்பட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது, அடிமைமுறை ஒரே நாளில் வந்ததல்ல என்பது எளிதாகப் புரிகிறது.

வடக்கே மாசசூசெட்ஸ் முதலிய குடியேற்றங்கள் அடங்கிய நியூ இங்கிலாந்தை இதற்கு எதிர்முனையாக வைக்கிறார். 1630க்குப் பிந்தைய சுமார் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர், பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக, மாசசூசெட்ஸ் கரைக்கு வந்தனர். குளிர் கடுமையானதாக இருந்தாலும் நோய் குறைவாக இருந்ததால் தாத்தா பாட்டி இருக்கும் வீடுகள் உருவாயின. நிலம் தனியாருக்கு நேராகச் செல்லாமல் ஊராருக்கு மொத்தமாக வழங்கப்பட்டதால், வழிபாட்டு மன்றத்தைச் சுற்றி ஊர்கள் எழுந்தன. 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்றுத்தர ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்ற 1647ஆம் ஆண்டுச் சட்டம் எந்தச் சூழலில் பிறந்தது என்பது இதற்குப் பிறகு தானாக விளங்குகிறது. தங்கள் சமயத்தைக் காக்கக் கடல் கடந்தவர்களே சமயக் கருத்தில் மாறுபட்ட ராஜர் வில்லியம்ஸையும் ஆன் ஹட்சின்சனையும் நாடு கடத்தியதைச் சொல்லும்போது ஆசிரியரின் குரலில் ஒரு கிண்டல் எட்டிப் பார்க்கிறது. அதை நான் ரசித்தேன்.

பென்சில்வேனியாவும் நியூயார்க்கும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. 1664இல் டச்சுக்காரர்களிடமிருந்து பறித்த துறைமுகம், 1681இல் வில்லியம் பென் பெற்ற சாசனம், கோதுமை, ஜெர்மானியர், குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், அவ்வளவுதான். தெற்குக் கரோலினாவுக்கு இன்னும் குறைவு. கரீபியன் தீவான பார்படோஸின் கரும்புத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைச் சட்டங்களையும் வாழ்க்கை முறையையும் அப்படியே அங்கே கொண்டுவந்ததையும், நெல் சாகுபடியில் அடிமைகளின் எண்ணிக்கை வெள்ளையரை விஞ்சியதையும் விட்டுவிட்டு, தெற்கு என்றால் புகையிலை என்று முடித்தது ஏமாற்றமே. கரும்பலகையில் அவரே எழுதிய கேள்விக்கு இதைவிட நல்ல சான்று ஏது?

என் முக்கியமான குறை வேறு. ஏற்காட்டிலும் ஆங்கிலேயர் குடியேறினார்களே, அது ஏன் நியூ இங்கிலாந்து போல ஆகவில்லை என்று ஒரு மாணவி கேட்டார். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கி, இங்கே வந்தவர்கள் அதிகாரிகளும் எஸ்டேட் முதலாளிகளுமே தவிர, தம் கையால் உழுது பிழைக்க வந்த குடியானவர்கள் அல்லர் என்று ஆசிரியர் அழகாக விளக்கினார். மலையில் முன்பே வாழ்ந்த மலையாளி என்னும் பழங்குடி மக்களையும் மறக்காமல் சொன்னார். அதே மனிதர் அட்லாண்டிக்கைத் தாண்டியதும் அந்தக் கவனத்தைக் கைவிட்டு, "ஆளற்ற காடு" என்கிறார். ஜேம்ஸ்டவுன் நின்றது சுமார் 30 இனக்குழுக்கள் அடங்கிய பௌஹாட்டன் கூட்டமைப்பின் நிலத்தில். 1622இல் அவர்கள் நடத்திய தாக்குதலில் 347 குடியேறிகள் இறந்தனர். நியூ இங்கிலாந்தில் பிளிமத் குடியேற்றம் எழுந்த இடமோ, 1616க்குப் பின் பரவிய கொள்ளைநோயால் வெறிச்சோடிய படுக்செட் என்னும் ஊர். 1620இல் வந்தவர்களுக்கு ஏற்கெனவே திருத்திய வயல்கள் கிடைத்தன. குடியேற்றங்கள் வெவ்வேறு வடிவம் எடுத்ததற்கு இவையும் காரணங்கள் அல்லவா?

அச்சிட்ட குறிப்பேடு தெளிவான தமிழில் இருக்கிறது. வரைபடங்கள் மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போய், வர்ஜீனியாவை ஒட்டிய செசபீக் விரிகுடா எது, ஆறு எது என்றே தெரியவில்லை. மாதிரித் தேர்வின் கொள்குறி வினாக்கள் ஆண்டுகளையும் பெயர்களையுமே கேட்கின்றன. காரணங்களை இவ்வளவு நன்றாக நடத்திவிட்டு இப்படிக் கேட்பது பொருத்தமாக இல்லை. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் தயாராகிறவர்கள் குறிப்பேட்டை வாங்கினால் போதும். கட்டுரை விடை எழுத வேண்டியவர்கள் வகுப்பில் சேரலாம். கரோலினாவையும் பூர்வகுடிகளையும் பற்றி வேறு நூல்களைத் தேடிப் படித்துவிட்டு, அந்தக் கேள்விகளை வகுப்பிலேயே எழுப்புங்கள், ஏனெனில் இந்த ஆசிரியர் கேட்டால் பதில் சொல்லத் தயங்குபவர் அல்லர்.