லாஸ்பேட்டை ஞாயித்துக்கிழமை நெட் கோச்சிங்: குரோமாட்டின் கிளாஸுக்காகவே சேரலாம்

பாண்டில சிஎஸ்ஐஆர் நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் காலேஜ் வாத்தியார் வேலைக்குமான தகுதித் தேர்வு) லைஃப் சயின்ஸுக்கு எந்த கோச்சிங் நல்லா இருக்குன்னு நிறைய பேர் கேக்கறீங்க. நான் லாஸ்பேட்டைல ஒரு வீட்டு மாடில நடக்குற ஞாயித்துக்கிழமை பேட்ச்ல படிச்சேன், எடுக்கறது ஒரே ஒரு மேம்தான், போர்டு கிர்டு எல்லாம் இல்ல. ஈகாலஜி, பிளான்ட் பிசியாலஜி எல்லாம் பரவால்ல ரகம், அதுக்காக யாரும் பஸ் ஏறி வர வேணாம். ஆனா மூணாவது யூனிட்ல ஜீன் ரெகுலேஷன், அதுலயும் குரோமாட்டின் ரீமாடலிங், அதாவது ஹிஸ்டோன் புரோட்டீன்ல சுத்தி வச்சிருக்குற டிஎன்ஏவ நகத்தி மாத்தி வைக்கிறது, எடுத்தாங்க பாருங்க, அதுக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன்.

காலேஜ்ல இந்த டாபிக் எப்படி போகும்னு எல்லாருக்கும் தெரியும். ஸ்விச்-ஸ்னிஃப், இஸ்விச், சிஎச்டி, ஐனோ80ன்னு நாலு ரீமாடலர் புரோட்டீன் ஃபேமிலி பேரை எழுதிப் போட்டுட்டு ஏடிபிங்கற செல்லோட எரிபொருளைச் செலவு பண்ணி நியூக்ளியோசோமை (ஹிஸ்டோன் உருண்டைல டிஎன்ஏ சுத்துன கட்டு) நகத்தும்னு ஒரு வரி, அவ்ளோதான் முடிஞ்சிது. எப்படி நகத்தும், யாரு சொல்லி நகத்தும், நகத்தலன்னா என்ன ஆகும், ஒண்ணும் வராது. இங்க மேம் அந்த நாலு பேரையே கடைசிலதான் சொன்னாங்க.

முதல்ல ஒரு எவர்சில்வர் டப்பாவையும் மஞ்சக் கலர் நைலான் கொடிக்கயிறையும் எடுத்துட்டு வந்தாங்க. டப்பாதான் எட்டு ஹிஸ்டோன் சேர்ந்த உருண்டை, கயிறு டிஎன்ஏ. ஒண்ணே முக்கால் சுத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா சுத்துனாங்க, நிஜத்துல அது 147 பேஸ் பேர், அதாவது டிஎன்ஏ ஏணில 147 படி. கயித்துல ஒரு எடத்துல செவப்பு நெயில் பாலிஷ் வச்சிருந்தாங்க, அது டப்பா பக்கம் திரும்பி மறைஞ்சி கிடந்துச்சு. அதான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் (ஜீனை ஓட்டவோ அடக்கவோ செய்யற புரோட்டீன்) வந்து ஒக்கார வேண்டிய எடம், இப்ப ஃபேக்டர் வந்தாலும் தொட முடியாதுன்னாங்க. அடுத்து கயித்து நுனியப் பிடிச்சி இழுப்பாங்கன்னு பாத்தா இல்ல, சுத்துக்கு உள்ள ஒரு எடத்துல ரெண்டு விரலால பிடிச்சி கொஞ்சம் கொஞ்சமா உள்ள வாங்குனாங்க, அந்தச் செவப்பு மெதுவா வெளிய வந்துச்சு. ரீமாடலர்ல இருக்குற, ஏடிபிய எரிச்சி ஓடுற ஏடிபியேஸ் மோட்டார் பிடிக்கிறதும் அப்படித்தானாம், நியூக்ளியோசோமோட நடுப்புள்ளில இருந்து ரெண்டு ஹெலிக்ஸ் திருப்பம் தள்ளி உள்ளுக்குள்ளயே பிடிச்சி, ஒண்ணு ரெண்டு பேஸ் பேரா தள்ளிக்கிட்டே போகும். இத பாத்ததுக்கு அப்புறம் டயகிராம் மனப்பாடம் பண்ற வேலையே இல்லாம போச்சு.

அப்புறம் பாலூட்டிகளுக்கு வந்தாங்க. ஈஸ்ட்ல ஸ்விச்-ஸ்னிஃப்னு சொல்றது நம்மகிட்ட பேஃப் காம்ப்ளக்ஸ், நிறைய புரோட்டீன் துண்டு சேர்ந்த கூட்டு. மோட்டாரா பிஆர்ஜி1 இருக்கும், இல்லாட்டி பிஆர்எம் இருக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல ஒரு காம்ப்ளக்ஸ்ல இருக்காது. மத்த துண்டுகள் மாறி மாறி சேரும், எல்லாத்துக்கும் சேத்து 29 ஜீன் கிட்ட வருது. எலில பிஆர்ஜி1 ஜீனை எடுத்துட்டா கரு கர்ப்பப்பைல ஒட்டுற கட்டத்துலயே செத்துடும், ஆனா பிஆர்எம் எடுத்தா எலி பொழச்சிக்கும். இன்னொண்ணு சொன்னாங்க, நியூரான் ஆகப்போற செல் பிரியறத நிறுத்தும்போது பேஃப்53ஏங்கற துண்டு போயி பேஃப்53பி வந்து ஒக்காரும், இந்த மாத்தத்த நடத்துறது மிர்-9*, மிர்-124ன்னு ரெண்டு குட்டி ஆர்என்ஏ. மெஷின் அதேதான், ஒரு துண்டு மாறுனா செல்லோட தலையெழுத்தே மாறுது. எனக்கு இந்த எடத்துல நிஜமாவே சிலிர்த்துச்சு.

மேம் திரும்பத் திரும்ப கேட்ட கேள்வி ஒண்ணுதான், "ஏம்மா, இத யாரு கூப்பிட்டா, அத சொல்லு." ஏன்னா இந்த ரீமாடலர் புரோட்டீன்களுக்கு எந்த ஜீன் வாசல்ல போயி நிக்கணும்னு தானா பெருசா தெரியாது. கார்டிசால் ரிசப்டர் மாதிரி ஒரு ஃபேக்டர் இழுத்துட்டு வரணும், இல்ல அசிட்டைல்ங்கற ரசாயனக் குறி ஒட்டுன ஹிஸ்டோன் வால பிஆர்ஜி1ல இருக்குற புரோமோடொமைன்ங்கற பகுதி பிடிச்சிக்கணும். எலி ஸ்டெம் செல்ல ஆக்ட்4 ஃபேக்டரை எடுத்துட்டா அது ஒக்காந்திருந்த நிறைய எடத்துல பிஆர்ஜி1ம் கழண்டுக்குது, டிஎன்ஏவும் மூடிக்குது.

நம்ம எல்லாருக்கும் இருக்குற ஒரு தப்பு எண்ணம் ரீமாடலர்னா ஜீனைத் தொறந்து விடறதுன்னு. அத ஒடச்சாங்க, அதுக்கு அவங்க எடுத்த உதாரணம் ஹீமோகுளோபின். வயித்துல இருக்கற பாப்பாவுக்கு காமா குளோபின் ஓடும், பொறந்த கொஞ்ச மாசத்துல அது அடங்கி பீட்டா வந்துடும். அடக்குறது பிசிஎல்11ஏ, அது கூட்டிட்டு வர்ற ஆள் நூர்டு காம்ப்ளக்ஸ். நூர்டுக்குள்ள சிஎச்டி4ங்கற ரீமாடலரும் இருக்கு, அசிட்டைலைப் பிடுங்குற எச்டாக் என்சைமும் இருக்கு, நகத்துறதும் பூட்டுறதும் ஒரே டீம். 2023 கடைசில, பீட்டா கெட்டுப்போறதால வர்ற சிக்கிள் செல் நோய்க்கு கிரிஸ்பர் வச்சி ஒரு சிகிச்சைக்கு பிரிட்டன்லயும் அமெரிக்காலயும் அனுமதி குடுத்தாங்கல்ல, அது செவப்பு ரத்த செல்லுக்கு மட்டும் பிசிஎல்11ஏவ ஏத்தி விடற சுவிட்சத்தான் வெட்டுது, காமா திரும்ப ஓடுது. பேப்பர்ல வந்த செய்தியும் சிலபஸும் ஒண்ணா சேர்ந்த கிளாஸ் அது.

நோய் பக்கம் வேகமாத்தான் போனாங்க. சிஎச்டி7 ஜீன் ஒரு காப்பி கெட்டாலே சார்ஜ் சிண்ட்ரோம், பேஃப் துண்டான ஏஆர்ஐடி1பி ஒரு காப்பி போனா காஃபின்-சிரிஸ், ரெண்டுமே பொறவிக் கோளாறு, சினைப்பைல (ஓவரில) வர்ற கிளியர் செல் கேன்சர்ல பாதிக்குப் பாதி ஏஆர்ஐடி1ஏ கெட்டிருக்கும், சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற ராப்டாய்டு கட்டில எஸ்எம்ஏஆர்சிபி1 காணாம போயிருக்கும். மொத்தமா பாத்தா மனுஷ கேன்சர்ல அஞ்சுல ஒண்ணுல பேஃப் துண்டு ஏதாவது ஒண்ணு கெட்டிருக்கு. எக்ஸாமோட பார்ட்-சி பகுதில இதெல்லாம் நாலு மார்க் கேள்வியா வர வாய்ப்பிருக்கு, அதனால இன்னும் நிதானமா எடுத்திருக்கலாம்.

கொறைய சொல்லணும்னா ஐனோ80 ஃபேமிலியும் எச்2ஏ.இசட்ங்கற வேற ரக ஹிஸ்டோனை மாத்துற கதையும் கடைசி அர மணி நேரத்துல அள்ளித் தெளிச்ச மாதிரி போச்சு. டிஎன்ஏ எங்கெல்லாம் தொறந்திருக்குன்னு காட்டுற அட்டாக்-சீக் கிராஃப் ஒண்ணே ஒண்ணுதான் காட்டுனாங்க, மேடு இருந்தா தொறந்த எடம்னு சொன்னதோட சரி, எக்ஸாம்ல ரெண்டு மூணு கிராஃப ஒப்பிடச் சொல்லுவான், அதுக்கு இந்தப் பயிற்சி பத்தாது. ஜெராக்ஸ் நோட்ஸ்ல கலர் படம் எல்லாம் கருப்பா அப்பி கிடக்கு, எது பிஆர்ஜி1 எது ஏஆர்ஐடி1ஏன்னே தெரியல, பிடிஎஃப் கேட்டா வாட்ஸப்ல அனுப்புவாங்க, கேட்டு வாங்கிக்கங்க. ஃபீஸ் மொத்தமா ஒரே தடவைல கட்டச் சொல்றாங்க, எங்கள மாதிரி ஸ்காலர்ஷிப்ப நம்பி இருக்கறவங்களுக்கு அது கஷ்டம், ரெண்டு தவணையாவது ஆக்கணும். மாடில கரண்ட் போனா ஃபேன் நின்னுடும், இன்வெர்ட்டர் கிடையாது.

கடலூர்ல இருந்து வர்றவங்க ஒன்பது மணி கிளாஸுக்கு ஏழரைக்காவது மஞ்சக்குப்பத்துல பஸ் பிடிச்சிடுங்க, அரியாங்குப்பம் தாண்டி முருங்கப்பாக்கத்துல வண்டி நின்னுடுச்சின்னா புது பஸ் ஸ்டாண்டு வந்து அங்கேர்ந்து லாஸ்பேட்டை போறதுக்குள்ள முதல் ஒரு மணி நேரம் போயிடும், அந்த டப்பா கயிறு காட்டுறதெல்லாம் முதல் மணி நேரத்துலதான். ஹிஸ்டோன்னா என்ன, புரோமோட்டர்னா என்னன்னு தெரியாம வந்தா மேம் நின்னு சொல்லித் தர மாட்டாங்க, அத மட்டும் முன்னாடியே படிச்சிட்டு வந்து ஒக்காருங்க.