நெருக்கமான சிறு வட்டமா, பரந்த தொடர்புகளா: பெற்றோருக்கு எது துணை?

நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கைகொடுப்பது, எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு வட்டம்தான்: தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், நெடுநாள் நண்பர்கள். கேட்கக் கூச்சம் இருக்காது, விளக்கமும் தேவைப்படாது.

ஆனால் சிக்கலும் அங்கேதான். தம்பதியின் பிணக்கு ஒரே நாளில் வட்டம் முழுக்கப் பரவும். ஆளுக்கொரு பக்கம் சாய்வார்கள். லண்டனில் 20 குடும்பங்களை ஆராய்ந்த சமூக ஆய்வாளர் எலிசபெத் பாட், வட்டம் நெருக்கமாக இருந்த வீடுகளில் கணவன் வேலை, மனைவி வேலை என்ற பிரிவினை கூடுதல் என்று 1957-இல் எழுதினார். உதவி வெளியிலிருந்தே கிடைத்துவிட்டால் தம்பதியர் ஒருவரையொருவர் நாடுவது குறைகிறது.

ஒருவரையொருவர் அறியாத பலருடனான தொடர்பு, அதாவது அலுவலகத் தோழர், பிள்ளையின் வகுப்புத் தோழர்களின் பெற்றோர், வேறு விதம். இங்கே கிடைப்பது புதுத் தகவல்: எந்தப் பேச்சுப் பயிற்சியாளர் நல்லவர், எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது. ரகசியமும் பரவாது. அவசரத்துக்கு மட்டும் நம்ப முடியாது.

கைக்குழந்தை உள்ள வீட்டில் முதலாவதற்கே என் ஓட்டு; பிள்ளை பதின்வயதை எட்டும்போது இரண்டாவது அவசியம்.

உங்கள் நிலையை அறிய மூன்று பெயர்களை எழுதுங்கள்: இரவில் வருபவர், தகவல் தருபவர், மனக்குறையைக் கேட்டுத் தன்னோடு வைத்துக்கொள்பவர். மூன்றிலும் ஒரே பெயர் வந்தால் அவர் களைத்துப்போவார். உதவி கேட்கும்போது, "முடிந்தால் பாருங்கள்" என்பதைவிட "புதன் மாலை 4 முதல் 6 வரை பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள்.