ஓட்டப் பயிற்சி என்று 18,500 ரூபாய் வாங்கினார்கள், பிள்ளையின் கால் எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது: பெற்றோர்களே, எச்சரிக்கை

கைப்பேசியைத் திறந்தாலே ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு இணையவழித் தனிப்பயிற்சி, காயமே வராத திட்டம், மன உறுதி வகுப்பு, பன்னிரண்டு வாரத்தில் மாநிலப் போட்டிக்குத் தயார். அதில் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டினேன், 18,500 ரூபாய். என் அக்கா மகள் இன்று ஊன்றுகோலோடு மதுரை ஒத்தக்கடை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். எம்.ஆர்.ஐ. அறிக்கை நேற்று மாலைதான் கைக்கு வந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவிலுள்ள பெரிய எலும்பில் விரிசல். கோபம் ஆறிய பிறகு எழுது என்று அக்கா சொன்னாள். அது ஆறுகிற கோபமாக எனக்குத் தெரியவில்லை.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறோம். அதற்கு முன் பெயரைப் போட்டு அவர்கள் கையில் ஒரு வழக்கைக் கொடுக்காதே என்று தெரிந்த வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த மாதிரி ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளும்படி எழுதுகிறேன்.

அவளுக்கு வயது 17. பிளஸ் டூ படிக்கிறாள். 1500 மீட்டரும் 3000 மீட்டரும் ஓடுகிறாள். யானைமலை அடிவாரத்து மண்பாதையில் ஓடிப் பழகியவள். வாரத்தில் சில நாள் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு நான் அழைத்துப்போவேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறேன். இரவு வேலை, விடியற்காலையில் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக எனக்கு நேரம் தோதாக இருந்தது. கல்லூரியில் நானும் 5000 மீட்டர் ஓடியவன்தான். பக்கத்துச் சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் ஓடியதிலிருந்து எங்கள் பக்கத்து வீடுகளில் பெண் பிள்ளை ஓடுவதைப் பற்றிய பேச்சே மாறிவிட்டது. இவளுக்குப் பிடித்தவர் புதுக்கோட்டை லட்சுமணன். 2017-இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினாரே, அவர். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்து, கால் ஓடுபாதையின் உள்கோட்டைத் தாண்டிப் பட்டுவிட்டது என்று பதக்கத்தை இழந்தார். அந்தக் காணொளியை இவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் இடம் வேண்டும், அதற்கு மாநில அளவில் ஒரு சான்றிதழ் வேண்டும். ஆசை அவ்வளவுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

விளம்பரத்தைப் பார்த்துப் பதிவு செய்ததும் காணொளி அழைப்பில் ஒருவர் வந்தார். நீலச் சட்டை, கழுத்தில் விசில், பின்னால் சுவர் நிறையப் பதக்கங்கள். முக்கால் மணி நேரம் பேசினார். அந்த முக்கால் மணி நேரத்தை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் கேட்ட கேள்விகள் அத்தனையும் சரியான கேள்விகள். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாள்? முன்பு எங்காவது அடிபட்டதா? காலணி வாங்கி எவ்வளவு நாள் ஆகிறது? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? இரும்புச்சத்து பரிசோதனை செய்திருக்கிறீர்களா? உள்ளூரில் இதுவரை யாரும் அக்காவிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. அவள் பதில் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார், அல்லது குறிப்பதுபோலத் தெரிந்தது. கடைசியில், "அக்கா, இனி இவள் உங்களுக்கு மட்டும் பிள்ளை இல்லை, எங்களுக்கும் பிள்ளை. ஒரு சின்ன வலி என்றாலும் நடுராத்திரியில் எழுப்புங்கள், எங்கள் பிசியோதெரபிஸ்ட் பேசுவார்" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவன் இல்லாமல் தையல் இயந்திரத்தை வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள் அவள். சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 18,500 ரூபாயை அந்த அழைப்பு முடியும் முன்பே கைப்பேசியில் அனுப்பினேன். அன்றோடு அந்த மனிதரை நாங்கள் பார்க்கவில்லை. குரலைக்கூடக் கேட்கவில்லை.

தனித்திட்டம் என்று ஒரு கோப்பு வந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் வேறு யாருடைய பெயரோ இருந்தது, வயது 41, இலக்கு 21.1 கிலோமீட்டர். தட்டச்சுப் பிழை, பொருட்படுத்த வேண்டாம் என்றார்கள். மேலூரில் ஒரு பையனுக்கும் இதே கோப்பு, இதே பெயரோடு போயிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. 3000 மீட்டர் ஓடுகிற 17 வயதுப் பெண்ணுக்கும் அரை மாரத்தான் ஓடுகிற 41 வயது ஆணுக்கும் ஒரே திட்டம்!

அந்தத் திட்டத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவளை மூன்றாம் வாரத்தில் 62 கிலோமீட்டருக்கு ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை 400 மீட்டர் பன்னிரண்டு முறை, வியாழக்கிழமை மேடு ஏறி இறங்கும் ஓட்டம், சனிக்கிழமை 1000 மீட்டர் ஆறு முறை, ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதான ஓட்டம்தான் நெடுந்தூர ஓட்டக்காரரின் வாரத்தில் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். அது இதில் இல்லவே இல்லை. மேட்டு ஓட்டத்துக்காக அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் தார்ச்சாலைக்குப் போனாள். ஏறுவதில் மூச்சு வாங்கும், ஆனால் அந்தச் சரிவில் வேகமாக இறங்கும்போதுதான் ஒவ்வொரு அடியும் காலில் இடிக்கும்.

சுமை கூடும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் புதிதாகக் கட்டும். கட்டி முடிய மாதக்கணக்கில் ஆகும். மூச்சும் தசையும் அதைவிடச் சீக்கிரம் பழகிவிடும். அதனால் ஓடுகிறவருக்கு 'நன்றாக இருக்கிறேனே' என்று தோன்றும் வாரங்களில்தான் எலும்பு பலவீனமாக இருக்கும். ஓய்வு நாளும், மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைக்கும் வாரமும் இதற்காகத்தான். இதை எனக்கு விளக்கியது நேற்று பார்த்த எலும்பு மருத்துவர். 18,500 ரூபாய் வாங்கியவர்கள் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அடுத்து அந்த மன உறுதி வகுப்பு. எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. முன்பே பதிவு செய்த காணொளிகள் தினமும் வரும். உடல் நில் என்று சொல்லும், நீ நிற்காதே, வலி என்பது பலவீனம் உன்னிடம் பேசும் குரல், இப்படியே போகும். செயலியில் 'சாக்கு' என்று ஒரு கட்டம். ஒரு நாள் பயிற்சியை விட்டால் அதில் சிவப்புக் குறி விழும். குழுவில் உள்ள எல்லோருக்கும் அது தெரியும். முகம் தெரியாத பிள்ளைகள் நடுவே தன் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இவள் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். எடையில் மூன்று கிலோ குறைத்தால் நேரம் தானாகக் குறையும் என்று சொல்லி இரவுச் சோற்றை நிறுத்தச் சொன்னார்கள். அதோடு மாதவிடாய் தள்ளிப்போனது. இதை எழுது, மற்ற தாய்மார்களுக்குத் தெரியட்டும் என்று அக்காவே சொன்னதால் எழுதுகிறேன். ஓடும் பெண் பிள்ளை தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டு, மாதவிடாய் நின்றால், எலும்பு வலுவிழக்கும். விளையாட்டு மருத்துவம் தெரிந்த எவருக்கும் இது தெரியும். முதல் அழைப்பில் மாதவிடாயைப் பற்றிக் கேட்டவருக்கும் தெரியும்.

மன உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 3000 மீட்டரில் கடைசி இரண்டு சுற்றில் தொடை எரியும், நெஞ்சு அடைக்கும். அதைத் தாங்கி ஓடத்தான் வேண்டும், அதற்கு மனம் பழக வேண்டும். அது ஓட்டம் முடிந்த சற்று நேரத்தில் போய்விடும். ஆனால் ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்தால், ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடத்தில் சுருக்கென்றால், ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், அது எலும்பு. அங்கே நிற்கத் தெரிவதுதான் ஓட்டக்காரரின் மன உறுதி. என் கல்லூரிப் பயிற்சியாளர் வலி என்று சொன்னால் முதலில் காலைத் தொட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் பேசுவார்.

இவள் காலை யாரும் தொடவில்லை. "மாமா, எலும்பு மேலேயே வலிக்கிறது" என்று என்னிடம் சொன்ன அன்றே அவர்களுக்கு எழுதினேன். பதில் சொன்னது இயந்திரம்: உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. பிசியோதெரபிஸ்ட் எங்கே என்றேன். வரிசையில் இருக்கிறீர்கள் என்றது. இரண்டு நாள் கழித்து ஒரு பெண் பேசினார், ஐஸ் வைக்கச் சொன்னார், பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. பயிற்சியாளர் வெளியூர்ப் போட்டியில் இருக்கிறாராம். நானே நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. அதை அனுப்பியதும் உடனே பதில் வந்தது, அதுவரை வராத வேகத்தில்: "எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, மனதைத் திடப்படுத்துங்கள், நாளை முதல் தொடரலாம்." இந்த வகை விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். காயமே வராத திட்டம் விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? அந்தப் பதிலை நம்பி அவளை மறுபடி ஓடவிட்டிருந்தால் விரிசல் முழு முறிவாக ஆகியிருக்கும் என்றார் மருத்துவர்.

நேற்று எம்.ஆர்.ஐ. அறிக்கையை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 18,500 ரூபாய் முழுவதும் வேண்டாம், நடக்காத வாரங்களுக்கு உரியதையாவது கொடுங்கள் என்றேன். ஏழு நாளுக்குப் பிறகு பணம் திரும்பாது என்றார்கள். உங்கள் பயிற்சியால் வந்த காயம் என்றேன். அதற்கு ஒரு பதில் வந்தது பாருங்கள்: நான்காம் வாரச் சனிக்கிழமை அவள் பயிற்சியை விட்டிருக்கிறாளாம், சிவப்புக் குறி இருக்கிறதாம், திட்டத்தை முழுமையாகப் பின்பற்றாதவர்களுக்கு நிறுவனம் பொறுப்பில்லையாம். நடக்க முடியாமல் கிடந்த அந்தச் சனிக்கிழமையை எங்களுக்கு எதிரான சாட்சியாக வைக்கிறார்கள். கையோடு, காயத்திலிருந்து மீளும் தனித்திட்டம் 6,000 ரூபாய், உங்களுக்கு மட்டும் பாதி விலை என்று இணைப்பும் வந்தது. நான் பேசிய பேச்சுக்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய கருத்தும் போய்விட்டது.

குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம் ஓடக்கூடாது. மாவட்டப் போட்டி அதற்குள் முடிந்துவிடும். அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, கைப்பேசியை என்னிடம் கொடுத்து "அந்தச் செயலியை எடுத்துவிடுங்கள், மாமா" என்றாள். எடுக்கவில்லை, ஆதாரம் வேண்டும். எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பயிற்சியாளர் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) பட்டயம் பெற்றவரா என்று சான்றிதழைக் கேளுங்கள். பணம் கட்டும் முன் அதே ஆள் வாரந்தோறும் பேசுவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். முழுத்தொகையையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். மூன்றே வாரத்தில் தூரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் எந்தத் திட்டத்தையும் தூக்கிப் போடுங்கள். பிள்ளையின் சோற்றைக் குறைக்கச் சொல்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். ஓரிடத்து வலி என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய தொகைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே மனு போடலாம். மேலூர்ப் பையனின் அப்பாவும் என்னோடு சேர்ந்து மனு போடுகிறார். இரண்டாம் பக்கத்தின் அடியில் வயது 41 என்று இருக்கும் கோப்பு உங்களிடமும் இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.