“கடன் நிவாரணம்” என்று சொல்லிக் காணி உறுதியைக் கேட்கிறார்கள், கவனம்!

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடி முதல் செங்கலடி வரை மின்கம்பங்களில் ஒட்டியிருக்கிறார்கள், முகநூலிலும் வருகிறது: “வங்கிக் கடன், நுண்கடன், அடகு எல்லாவற்றையும் ஒரே கடனாக்கித் தருகிறோம். கிரிப் பிரச்சினையா? பெயரை அழித்துத் தருகிறோம். உறுதி இருந்தால் போதும்.” (கிரிப் என்பது யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார்கள் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகம்.) என் அக்காவின் வளவு இவர்கள் கைக்குப் போக இருந்தது, மயிரிழையில் தப்பியது.

“நிவாரணம்” என்று போடுவது சும்மா இல்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அது நினைவிருக்கும் பெண்களுக்கு இதுவும் அரசாங்கத் திட்டம் என்றுதான் படும். அக்காவும் அப்படித்தான் விசாரிக்கப் போனா.

முதலில் கோப்புக் கட்டணம் 25,000 ரூபாய். கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தருவதாக வாய்ப்பேச்சு. பற்றுச்சீட்டில் அந்த வரி இல்லை. அப்புறம் வட்டி. “மாதம் 2 வீதம்தான்” என்றார்கள். பத்து இலட்சத்துக்கு ஐந்து வருடம் கணக்குப் பார்த்தேன். முதல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி மாதம் வரை முழுத் தொகைக்கும் 20,000 ரூபாய் வட்டி. தவணை மாதம் 36,667, மொத்தம் 22 இலட்சம். வங்கி கணக்கிடுவது போல, மிச்சமுள்ள முதலுக்கு மட்டும் வட்டி என்று வைத்துப் பார்த்தால் இது ஆண்டுக்கு 36 வீதத்தைத் தாண்டுகிறது. இதில் என்ன நிவாரணம்?

இதெல்லாம் போகட்டும். மெயின் விசயம் கையெழுத்து நாளில்தான் வெளிவந்தது.

எங்கள் பக்கம் வீடு வளவு பெண் பிள்ளைக்குத்தானே போகும். அதனால் கையெழுத்து வைக்கக் கூப்பிடுவதும் பெண்களைத்தான். “அவரைக் கூட்டி வரத் தேவையில்ல அக்கா, உங்கட பேர்லதானே உறுதி” என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தானுக்குப் பதில் நான் கூடப் போனேன். நொத்தாரிசின் மேசையில் இருந்த தாளில் கடன் என்ற பேச்சே இல்லை. வளவை 12 இலட்சத்துக்கு விற்றதாகவும் காசு முழுதும் பெற்றுக்கொண்டதாகவும் எழுதிய அறுதி உறுதி அது. தவணையும் வட்டியும் எந்த வரியிலும் இல்லை. கேட்டால், “அது ஒரு பாதுகாப்புக்கு அக்கா. கட்டி முடிச்ச உடனே திருப்பி எழுதித் தருவம்” என்றார் முகவர். அப்படியென்றால் ஈட்டுமுறியாக, அதாவது அடமானப் பத்திரமாக எழுதுங்கள் என்றேன். அவர் நொத்தாரிசின் முகத்தைப் பார்த்தார், நொத்தாரிசு கைபேசியைப் பார்த்தார். நாங்கள் எழும்பி வந்துவிட்டோம்.

ஈட்டுமுறி என்றால் காணி உங்களுடையதாகவே இருக்கும். காசு கட்டாவிட்டால் கடன்காரன் நீதிமன்றம் போக வேண்டும். (வங்கிகளுக்கு மட்டும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போகாமலே ஏலம் போடும் வழி உண்டு.) அறுதி உறுதியில் கையெழுத்து வைத்தால் காணி அன்றைக்கே அவன் பெயரில். அவன் அடுத்த கிழமை வேறொருவருக்கு விற்கலாம். கடனுக்குப் பிணையாகத்தான் எழுதிக் கொடுத்தேன் என்று நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவைக் காட்டி வழக்காடலாம், வென்றவர்களும் உண்டு. ஆனால் அது வருடக்கணக்கில் இழுபடும். ஏற்கனவே கையெழுத்து வைத்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் உடனே கேளுங்கள்.

கிரிப் கதையும் பொய். அங்கே இருக்கும் விபரம் கடன் கொடுத்த வங்கிகளும் பைனான்ஸ் கம்பனிகளும் அனுப்புவது. பிழை இருந்தால் அனுப்பிய இடம் திருத்தும், அதற்கு முகவருக்குக் காசு தேவையில்லை. உண்மையாகவே கட்டாமல் விட்டதை யாரும் அழிக்க முடியாது.

அக்காவின் பிரச்சினை கடைசியில் வங்கியிலேயே தீர்ந்தது. முகாமையாளரிடம் எழுத்தில் கேட்டதும் தவணைக் காலத்தை நீட்டித் தந்தார்கள். முடியாது என்று சொல்லியிருந்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழைக்க இருந்தோம். அனுமதி பெற்ற வங்கி, நிதிக் கம்பனி பற்றிய முறைப்பாடுகளை அங்கே எடுக்கிறார்கள். அந்தப் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் கிடக்கிறது. இந்த நோட்டீஸ்காரர்களின் பெயர் அதில் இல்லை.

25,000 ரூபாய் இன்னும் வரவில்லை. பற்றுச்சீட்டின் பிரதியோடு பொலிசில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். இதே மாதிரிக் கோப்புக் கட்டணம் கட்டியவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டையும் நோட்டீசையும் எறிந்துவிடாமல் நீங்களும் போய் ஒரு முறைப்பாடு போடுங்கள்.