முகத்தலா, நிறுத்தலா?

மாவு டப்பாவுக்குள் கப்பை நேரடியாக விட்டு மொண்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் ஒரு கப் மைதா ஏறக்குறைய 140 முதல் 150 கிராம் நிற்கிறது. அதே மாவைக் கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120 அல்லது 125தான். சலித்துப் போட்டால் இன்னும் குறையும். கப்பும் அதே, மாவும் அதே. அள்ளிய விதம்தான் வேறு. நான்கு கப் மாவு கேட்கும் ரொட்டியில் இந்த வித்தியாசம் 100 கிராமைத் தொட்டுவிடும். மாவு ஏன் இப்படி வறண்டு விறைக்கிறது என்று பிசையும்போது நாம் குறிப்பு எழுதியவரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இத்தனைக்கும் எந்தக் கப் என்ற கேள்வியை நாம் இன்னும் தொடவே இல்லை. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. அரிசி குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180. தேக்கரண்டி பொதுவாக 5 மில்லி என்பது ஆறுதல். ஆனால் மேசைக்கரண்டி பல நாடுகளில் 15, ஆஸ்திரேலியாவில் 20.

முகத்தல் அளவுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்றால் கப்பின் கொள்ளளவு எதுவானாலும் கவலையில்லை, ஒரே கப்பால் இரண்டையும் அளந்தால் போதும். சர்க்கரையும் நல்ல பிள்ளை. மணிமணியாக வழிந்து தானே இடத்தை நிரப்பிக்கொள்ளும், அமுக்கினாலும் அதிகம் அமுங்காது. எப்படி மொண்டாலும் அமெரிக்கக் கப்புக்கு 200 கிராமை ஒட்டியே வரும். பொடித்த சர்க்கரைக்கு அந்தக் குணம் கிடையாது, அது மாவின் இனம்.

மாவு, கோகோ, ஓட்ஸ் மூன்றுக்கும் நான் தராசின் பக்கம்தான். பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டலாம். கழுவ வேண்டிய கப்புகள் மிச்சம். முக்கால் கப்பில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணவும் வேண்டாம்.

ஆனால் தராசு சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1 கிராம் நுணுக்கமுள்ள வீட்டுத் தராசு 2 என்று காட்டும்போது தட்டில் இருப்பது ஒன்றரையாகவும் இருக்கலாம், இரண்டரைக்குச் சற்றுக் கீழாகவும் இருக்கலாம். சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் எடை ஏறுவதையே கண்டுகொள்வதில்லை. ஈஸ்ட், சோடா உப்பு, பேக்கிங் பவுடர் போன்றவற்றுக்குத் தலைதட்டிய தேக்கரண்டியே மேல்.

உப்பு மட்டும் இந்த விதிக்குள் அடங்க மறுக்கிறது. தேக்கரண்டி தூள் உப்பு சுமார் 6 கிராம். செதில் செதிலாக இருக்கும் சில உப்புகள் அதே கரண்டியில் பாதிகூடத் தேறாது. குறிப்பில் ஒரு வகை, வீட்டில் வேறு வகை என்றால் எடைபோடுவதுதான் பிழைக்கும் வழி. உப்பு நீர் ஊறலுக்குக் கரண்டிக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது போட்டியாளர், கிராமைக் கப்பாகவும் கப்பைக் கிராமாகவும் மாற்றிக் காட்டும் அட்டவணை. 250 கிராம் மைதா எத்தனை கப் என்று கேட்டால் ஓர் அட்டவணை 2 என்கும், இன்னொன்று ஒன்றேமுக்கால் என்கும். இரண்டும் பொய் சொல்லவில்லை. முதலாவது கரண்டியால் நிரப்பியவருடையது, மற்றது டப்பாவில் மொண்டவருடையது. எந்தக் கப், எப்படி நிரப்பியது என்று சொல்லாத அட்டவணையை நான் சர்க்கரைக்கு நம்புவேன், மாவுக்கு நம்பமாட்டேன். குறிப்பு எழுதியவரே கிராமும் கொடுத்திருந்தால் கப்பை மறந்துவிடலாம்.

அட்டவணை வேண்டும் என்றால் சொந்தமாகப் போட்டுக்கொள்வது பத்து நிமிட வேலை. வழக்கமாக அள்ளுவதுபோலவே மூன்று முறை கப்பை நிரப்பி, மூன்று முறையும் நிறுத்து, சராசரியை டப்பா மூடியில் எழுதிவிடலாம். என் மைதா மூடியில் 138 என்று இருக்கிறது. கப்பை மாற்றினாலோ வேறு மாவு வாங்கினாலோ அந்த எண்ணை அழித்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும்.