பிக் பேர் ஹோல்காம்ப் வேலி ஆஃப்ரோடு ட்ரெயில்: எந்த வண்டி போகும், எது போகாது

கலிஃபோர்னியால லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கறவங்களுக்கு, மலை மேல இருக்கற பிக் பேர்னாலே ஏரி, பனி, ஸ்கீ, அவ்ளோதான். ஆனா பனி எல்லாம் உருகினதுக்கு அப்புறம் அங்க போக உருப்படியான காரணம் ஏரிக்கு வடக்கால, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. சான் பெர்னார்டினோ நேஷனல் ஃபாரஸ்ட்டுக்குள்ள வர்ற ஹோல்காம்ப் வேலி, அதாவது ஹோல்காம்ப் பள்ளத்தாக்கு. மண் ரோடும் பாறை ட்ரெயிலும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கும். ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரியே எஸ்யூவி வச்சிருக்கறவங்களுக்கு அருமையான இடம், "நம்மகிட்ட ஜீப் இருக்கு, எல்லாம் ஏறும்"னு நம்பி வர்றவங்களுக்கு பர்ஸ் காலி ஆகற இடம்.

ஈஸி ரூட் முதல்ல. பிக் பேர் சிட்டில இருந்து வான் டூசன் கேன்யன் ரோடு, அதாவது 3என்09, அதுல ஏறினா மெயின் மண் ரோடான 3என்16ல போய் விடும். (இந்த 3என் வேற ஒண்ணும் இல்ல, சர்வே கணக்குல அந்த ரோடு எந்த டவுன்ஷிப்ல இருக்குங்கறது தான், 3 நார்த். இது புரிஞ்சா மேப்ப பாத்து எந்தப் பக்கம் இருக்கோம்னு குத்துமதிப்பா சொல்லிடலாம்.) காஞ்ச நாள்ல சுபாரு ஃபாரஸ்டர், டொயோட்டா ராவ்4 மாதிரி சின்ன எஸ்யூவி பள்ளத்தாக்குக்குள்ள நிதானமா சுத்தி வந்துடும், என்ன, குலுக்கி எடுத்துடும், முன்னாடி போற வண்டியோட தூசு பூரா நம்ம மேல. 1860ல பில் ஹோல்காம்ப் இங்க தங்கத்த பாத்ததும் ஜனம் குவிஞ்சு பெல்வில்னு ஒரு ஊரே வந்துச்சு, இப்ப மிச்சம் ஒரு மரக் கேபின் தான், அங்க இறங்கி நடந்து பாருங்க, நல்லாருக்கும். 3என்16லயே மேற்கால ரொம்ப தூரம் போனா ஹோல்காம்ப் க்ரீக்க தாண்டணும், வசந்த காலத்துல பனி உருகற தண்ணி வர்றப்ப ஆழம் பாக்காம சின்ன வண்டிய இறக்காதீங்க.

இனி கஷ்டமான பக்கம். ஸ்கீ மலைல இருக்கற அதே குறி தான், பச்சை வட்டம்னா ஈஸி, நீல சதுரம்னா நடுத்தரம், கருப்பு டைமண்ட்னா ரொம்ப கஷ்டம். கோல்டு மவுன்டன் 3என்69, ஜான் புல் 3என்10, ஹோல்காம்ப் க்ரீக் 3என்93, மூணுமே கருப்பு டைமண்ட். ஜான் புல்ல பாறைங்க அம்மிக்கல் சைஸ்ல ஆரம்பிச்சு அதுக்கு மேல போகும், 33 இன்ச் டயர், லாக்கர் (ரெண்டு பக்க வீலையும் சேர்ந்து சுத்த வைக்கறது), அடில கல்லு படாம காக்கற ஸ்கிட் ப்ளேட் இதெல்லாம் இல்லாம போனா, கதவுக்கு கீழ இருக்கற ராக்கர் பேனல அங்கயே விட்டுட்டு வர வேண்டியது தான். கோல்டு மவுன்டன் என் ஃபேவரிட், பாறைய தாண்டிட்டா ஒரு பக்கம் பால்ட்வின் லேக், இன்னொரு பக்கம் பிக் பேர் லேக்னு வ்யூ அள்ளும். ஆனா கூட இன்னொரு வண்டி இல்லாம போறது முட்டாள்தனம், மாட்டிக்கிட்டா ஃபோன் சிக்னல நம்பி உக்கார முடியாது.

கிளம்பறதுக்கு முன்னாடி டயர் காத்த 20 பிஎஸ்ஐ பக்கத்துக்கு இறக்குங்க. டயர் தரைல பரந்து உக்காரும், கூர் கல்லு குத்தறதுக்கு பதிலா அதுக்கு மேல வளைஞ்சு போகும், முதுகுக்கும் நிம்மதி. திரும்ப தார் ரோட்டுக்கு வந்ததும் ரொப்ப சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு கையோட வேணும். இறக்கத்துல ப்ரேக்கையே மிதிச்சுக்கிட்டு வராம 4 லோ (நாலு வீல் ட்ரைவ்ல இருக்கற மெதுவான கியர்) போட்டு இன்ஜின விட்டு இறக்குங்க. இன்னொண்ணு, ஏரியே 6,750 அடி, பள்ளத்தாக்கு அதுக்கும் மேல, டர்போ இல்லாத இன்ஜின்ல அஞ்சுல ஒரு பங்கு பவர் காணாம போயிடும், வண்டி ரிப்பேரோன்னு பயப்படாதீங்க.

சைடு பை சைடு, அதாவது பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஓட்டற சின்ன ஆஃப்ரோடு வண்டி, வாடகைக்கும் கிடைக்குது. நாங்க எடுத்த கடைல (பேர் வேணாம்) ஹெல்மெட் குடுத்து பெல்ட்ட செக் பண்ணாங்க, கலிஃபோர்னியால அது சட்டம், அது வரைக்கும் ஓகே. ஆனா எந்த ட்ரெயில் போகலாம், எது போகக் கூடாதுன்னு சொன்னது ரெண்டே நிமிஷம், கைல ஒரு மங்கலான ஜெராக்ஸ். திரும்பினதும் கீறல் தேடறதுக்கு மட்டும் டார்ச் அடிச்சு அரை மணி நேரம். எடுக்கறப்பயே வண்டிய சுத்தி வீடியோ எடுத்து வச்சிக்கோங்க. நம்ம சொந்த வண்டி நம்பர் ப்ளேட்டோட ரோட்டுல ஓடறதுன்னா பிரச்சனை இல்ல, இல்லன்னா க்ரீன் ஸ்டிக்கர் (ஆஃப்ரோடுக்கு மட்டும்னு வண்டிய பதிவு பண்ணா ஒட்டறது), தீப்பொறிய தடுக்கற ஸ்பார்க் அரெஸ்டர் எல்லாம் இருந்தாகணும். சில இடத்துல பார்க் பண்ண அட்வென்சர் பாஸ் வேணும், நாளைக்கு 5 டாலர், வருஷத்துக்கு 30.

ரோட்ட விட்டு வெளிய இறங்கறதுக்கு இங்க பெர்மிஷன் கிடையவே கிடையாது. 2005ல வந்த ரூல் படி ஃபாரஸ்ட் சர்வீஸ் மேப்ல போட்ட ரோடு, ட்ரெயில்ல மட்டும் தான் வண்டி. மேப் ஃப்ரீ தான், ஃபோன்ல முன்னாடியே இறக்கிக்கோங்க. மரம் இல்லாம கூழாங்கல் பரப்பின வெறும் பொட்டல் மாதிரி சில இடம் தெரியும், பாத்தா வண்டிய வட்டமா சுழட்டி ஒரு டோனட் போடலாமான்னு கை அரிக்கும். பெபிள் ப்ளெய்ன்னு பேரு, களிமண்ணு உறைஞ்சு உறைஞ்சு உருகறப்ப கல்லு மேல தள்ளப்பட்டு வந்தது, ஆஷ் க்ரே பெயின்ட்ப்ரஷ் மாதிரி இந்தப் பக்கத்த விட்டா வேற எங்கயும் இல்லாத குட்டிச் செடிங்க அதுல தான் வளருது. ஈர நேரத்துல ஒரு டயர் தடம் பதிஞ்சா பல வருஷத்துக்கு அப்படியே நிக்கும். நாங்க போனப்ப ஒருத்தர் அதுக்குப் போட்ட தடுப்பு வேலிய சுத்திக்கிட்டு உள்ள போயிருந்தாரு, தடம் தெளிவா தெரிஞ்சுச்சு, அப்படியே கோவம் வந்துச்சு. இந்த மாதிரி நாலு பேர் பண்ணா ட்ரெயிலயே மூடிடுவாங்க, அப்புறம் எல்லாரும் ஏரிய மட்டும் பாத்துட்டு வர வேண்டியது தான்.

மார்க்: 5க்கு 4. ஒண்ணு குறைச்சது சனிக்கிழமை கூட்டத்துக்கு, ஒத்தையடி ட்ரெயில்ல எதிர்ல வண்டி வந்தா ரிவர்ஸ்லயே பாதி நாள் ஓடிடும். செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல வீக் டேல போங்க. குளிர் காலத்துல கேட் பூட்டிடுவாங்க, காட்டுத் தீ சமயத்துல ஏரியாவையே மூடுவாங்க, அதனால கிளம்பற அன்னைக்கு காலைல ஃபாரஸ்ட் சைட்ட ஒரு தடவ பாத்துட்டு வண்டிய எடுங்க. நைட் தங்கணும்னா யெல்லோ போஸ்ட்னு காட்டுக்குள்ள தனித்தனியா ஒதுக்கின கேம்ப்சைட் இருக்கு, ரிசர்வேஷன் கிடையாது, முதல்ல போறவங்களுக்கு தான், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள போய் துண்டு போட்டுடுங்க.