தனியார் தொப்புள்கொடி ரத்த வங்கி: பணம் கட்டலாமா?

பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை, பின்னாளில் நோய் வந்தால் உதவும் என்று கட்டணம் வாங்கி உறைய வைத்துக் காப்பவை இந்த வங்கிகள். வளைகாப்பு முடிந்த கையோடு அவற்றிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "பிள்ளையின் உயிருக்கு ஒரு காப்பீடு" என்பார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்காக எடுக்கும் முடிவு என்பதால் வேண்டாம் என்று சொல்லப் பெற்றோருக்கு வாய் வராது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஸ்டெம் செல் சிகிச்சை (கொடி ரத்தத்தில் இருப்பது போன்ற, ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்களை ஏற்றுவது) தேவைப்படும் மூத்த குழந்தை வீட்டில் இல்லையென்றால் இந்தச் சேவைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கட்டணம் திட்டத்தைப் பொறுத்து அரை லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். பதிவு செய்ததும் ஒரு பெட்டி வீட்டுக்கு வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் திரவம் ஊற்றிய பை, அதோடு சேர்ந்த ஊசி, தாயின் ரத்த மாதிரி எடுக்கக் குழாய்கள், சூடு ஏறாமல் காக்கும் ஜெல் பாக்கெட் ஆகியவை உள்ளே இருக்கும். பெட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. குழந்தை பிறந்து கொடியை வெட்டியதும், நஞ்சு (பிளசென்டா) பக்கம் இருக்கும் கொடியை அயோடின் போட்டுத் துடைத்து, அதிலுள்ள சிரையில் ஊசியை ஏற்றுவார்கள். பையைத் தாழ்வாகப் பிடித்தால் ரத்தம் தானாக இறங்கும். சில நிமிட வேலைதான், யாருக்கும் வலியில்லை. ஆனால் பையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்காவிட்டால் ரத்தம் கட்டிகட்டியாக உறைந்துபோகும். துடைத்தது போதாவிட்டால் கிருமி சேரும். குறைமாதப் பிரசவம் என்றாலோ நஞ்சு சிறியது என்றாலோ பாதிப் பைகூட நிறையாது. இதையெல்லாம் தாண்டி, இரண்டு நாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேர்ந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறங்க வேண்டும்.

விற்பனைக்கு வருபவர்கள் பேசாத ஒன்று அந்த ரத்தம் யாருடையது என்பது. குழந்தை வெளியே வந்த பிறகும் கொடி துடித்துக்கொண்டிருக்கும்; நஞ்சிலிருந்து ரத்தம் குழந்தைக்குள் போய்க்கொண்டே இருக்கும். நிறைமாதக் குழந்தைக்கு முதல் மூன்று நிமிடத்தில் இப்படிச் சேர்வது சுமார் 80 முதல் 100 மில்லி. மூன்று கிலோ குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லிதான். அடுத்த சில மாதங்களுக்கான இரும்புச் சத்து அதில் இருக்கிறது. அதனால்தான் ஒரு நிமிடமாவது பொறுத்து, மூன்று நிமிடத்துக்குள் கொடியைக் கட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பொறுத்தால் பைக்குக் குறையும்; பையை நிரப்ப அவசரப்பட்டால் குழந்தைக்குக் குறையும். "இரண்டும் செய்யலாம்" என்று சொல்லும் முகவரிடம், அப்படிப் பொறுத்து எடுத்த பைகளில் சராசரியாக எத்தனை மில்லி கிடைத்தது என்று கேளுங்கள்.

சேமித்த ரத்தம் பயன்பட வேண்டுமானால் நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி உட்கருவுள்ள செல்களாவது வேண்டும். பத்துக் கிலோ குழந்தைக்கு 25 கோடி, அறுபது கிலோ பெரியவருக்கு 150 கோடி. பிள்ளை வளர வளர அதே பை போதாமல் போகும்.

அதைவிட முக்கியம், தன் ரத்தம் தனக்கே உதவாத நோய்கள்தான் அதிகம். பரம்பரை ரத்த நோயான தலசீமியாவோடு பிறந்த குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே மரபணுக் கோளாறு இருக்கும். ரத்தப் புற்றுநோய்க்கான மாற்றம் சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே தொடங்கியிருக்கும் என்பதால் அங்கும் சொந்தச் செல் கைகொடுக்காது. துண்டறிக்கையில் வரும் எண்பது நோய்ப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு இன்னொருவரின் செல்தான் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டியும், வருங்காலத்தில் சொந்த உபயோகத்துக்கென்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. கொடித் திசு, பால் பல் ஆகியவற்றைச் சேமிக்கும் வணிகத்துக்கு அதில் அனுமதியே இல்லை. கூடுதல் கட்டணத்துக்கு அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள்.

கொடி ரத்தமே வீண் என்று சொல்லவில்லை. 1988இல் பாரிஸில் ஃபான்கோனி ரத்தசோகை (எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் பரம்பரை நோய்) இருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு, புதிதாகப் பிறந்த தங்கையின் கொடி ரத்தம்தான் உலகில் முதன்முதலாக வெற்றிகரமான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையாக ஏற்றப்பட்டது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ இப்படியொரு நோய் இருந்தால் கட்டாயம் சேமியுங்கள். உடன்பிறந்தவருக்குத் திசு வகை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த முடிவை மூத்த குழந்தையைப் பார்க்கும் ரத்தநோய் மருத்துவரோடு பேசிப் பிரசவத்துக்கு முன்பே எடுக்க வேண்டும். விற்பனை முகவரோடு அல்ல. வீட்டில் பொருத்தம் இல்லாதவர்களுக்கு, 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடுகள் இருக்கின்றன. பாதிப் பொருத்தமுள்ள அப்பா அம்மாவிடமிருந்து ஸ்டெம் செல் எடுத்துச் செய்யும் மாற்று சிகிச்சையும் இப்போது நடக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வங்கியின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் ரத்த அளவு, மொத்தச் செல் எண்ணிக்கை, சிடி34 எண்ணிக்கை (ஸ்டெம் செல்களைக் காட்டும் அளவு), உயிரோடிருக்கும் செல்களின் சதவீதம், கிருமிச் சோதனை முடிவு ஐந்தும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். "சேமிப்பு வெற்றி" என்று ஒரே வரி அனுப்பினால் ஏற்காதீர்கள். செல் குறைவாக இருந்தால் பணம் திரும்புமா, நிறுவனம் மூடினால் பை யாருக்குப் போகும், சமூக வங்கித் திட்டம் (உறுப்பினர்கள் பைகளைப் பகிர்ந்துகொள்வது) என்றால் உங்கள் குழந்தையின் பை மற்றொருவருக்குப் போகுமா என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்தப் பணத்தில் மிகச் சிறு பங்கு இரண்டு சோதனைகளுக்குப் போதும். ஒன்று, கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தாய்க்கு எடுக்கும் தலசீமியா சோதனை. அதில் தாய் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் என்று தெரிந்தால் அப்பாவுக்கும் உடனே பார்க்க வேண்டும். மற்றொன்று, பிறந்து 48 மணி நேரம் கழிந்த பிறகு குதிகாலில் குத்திச் சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுக்கும் சோதனை. இந்தியாவில் சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருக்கிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது; இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி தப்பும்; மாதங்கள் கழித்துக் கண்டுபிடித்தால் போனது திரும்பாது. சுகப்பிரசவம் என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் இடங்களில் இந்தச் சோதனைதான் விட்டுப்போகும். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே எந்த நாளில் வந்து எடுப்பது என்று கேட்டு, தேதியை அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.